சங்கத்தின் இணையத்தளம்: கட்டுவதும் காப்பதும்

பொருளை உண்டாக்குவோர்க்கும் அதனை வாங்குவோர்க்கும் இடையே உள்ள தொலைவைக் குறைப்பதே கூட்டுறவுச் சங்கத்தின் தலையாய பணியாகும். அத்தொலைவு நீளுந்தோறும் உழைப்பவனுடைய பங்கு குறைகிறது. இடையில் நிற்பவனுடைய பங்கு வளர்கிறது. நூல் வாங்குவதிலும், கடன் பெறுவதிலும், உரம் பங்கிடுவதிலும் இவ்வுண்மையை நம் சங்கங்கள் நன்கு கண்டறிந்துள்ளன. ஆனால் வாங்குவோர் இன்று பெரும்பாலும் கைப்பேசியில் தேடிப் பார்த்த பின்னரே கடைக்கு வருகின்றனர். அவ்விடத்தில் நம் சங்கங்களிற் பல இன்னும் கால் ஊன்றவில்லை.

தாம்பரத்திற்கு அருகில், அடையாற்றங்கரையில் உள்ள அனகாபுத்தூரை எடுத்துக்கொள்வோம். 2021ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தாம்பரம் மாநகராட்சியில் பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் முதலிய ஊர்களுடன் சேர்ந்துவிட்ட பழைய நெசவூர் அது. ஒரு காலத்தில் அங்கு நெய்த கட்டம் போட்ட துணி ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்னும் பெயரால் நைஜீரியா வரை சென்றது. ஏற்றுமதி வணிகர் வாயிலாகவே சென்றது. நைஜீரிய அரசு 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தறிகள் பல ஓய்ந்தன. துணியை உடுத்தியவர் யார் என்பதை நெய்தவர் அறியார். நெய்தவர் யார் என்பதை உடுத்தியவர் அறியார். பின்னர் அவ்வூர் நெசவாளர் வாழைநார், சணல் முதலிய இயற்கை நார்களைக் கொண்டு சேலை நெய்து, தமக்கென்று தனிப்பெயர் தேடிக்கொண்டனர். இத்தகைய பொருளைப் பற்றி நெய்தவரே தம் சொந்த வாயால் உலகிற்கு எடுத்துச் சொல்லும் இடம் ஒன்று இருக்குமாயின், ஒரு சந்தை மூடினாலும் மற்றொரு சந்தைக்கு வழி தெரியும். அத்தகைய இடமே இணையத்தளம்.

இணையத்தளத்தைக் கட்டுவது எவ்வாறு, கட்டியதைக் காப்பது எவ்வாறு என்பதை நிர்வாகக் குழுவினரும் அங்கத்தினரும் விளங்கிக்கொள்ளும் முறையில் இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம். நிரல் எழுதுவோர்க்கு உரிய நுட்பங்களை விட்டுவிட்டு, சங்கத்தை நடத்துவோர் அறிந்தே தீர வேண்டியவற்றை மட்டும் கூறுவோம்.

பழைய முறையும் புதிய முறையும்

உலகளாவிய வலையை டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கினார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30ஆம் நாள் அந்நிலையம் அந்த நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் கிடைத்தது.

தொடக்கக் காலத்தில் இணையத்தளத்தின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனி ஏடாக எழுதி வைக்கப்பட்டது. பத்துப் பக்கம் உள்ள தளத்தில் சங்கத்தின் தொலைபேசி எண் மாறிவிட்டால், பத்து ஏடுகளையும் திறந்து பத்து இடங்களில் திருத்த வேண்டும். திருத்துவதற்கு அக்குறிமொழி அறிந்த ஒருவரை அழைக்க வேண்டும். அவர் வரும் வரையில் பழைய எண்ணே நிற்கும். இதனால் எத்தனையோ தளங்கள் திறப்பு விழா நாளில் எழுதியதை மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் கிடந்து மங்கின.

இக்குறையை நீக்க எழுந்ததே உள்ளடக்க நிர்வாக முறையாகும். இதில் செய்தி வேறு, அதன் தோற்றம் வேறு எனப் பிரித்து வைக்கப்படுகின்றன. சேலையின் பெயர், நீளம், விலை, படம் ஆகியவை தரவுத்தளம் என்னும் பேரேட்டில் பதிவாகின்றன. பக்கத்தின் அமைப்பும் வண்ணமும் எழுத்தின் அளவும் வார்ப்புரு என்னும் அச்சில் இருக்கின்றன. ஒருவர் பக்கத்தைக் கேட்கும் அந்தக் கணத்தில், மென்பொருளானது பேரேட்டிலிருந்து செய்தியை எடுத்து அச்சில் வார்த்து அவருக்கு அளிக்கிறது. தொலைபேசி எண்ணை ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கங்களிலும் மாறிவிடும். தோற்றத்தை மாற்ற விரும்பினால் ஒரு செய்தியையும் தொடாமல் அச்சை மட்டும் மாற்றிவிடலாம். சங்கத்தின் எழுத்தர் கடிதம் தட்டச்சு செய்வது போலவே படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் போதும்.

எட்டு மாணவர் செய்த கூட்டுறவு

இம்முறையில் அமைந்த மென்பொருள்களில் ட்ரூபல், ஜூம்லா, வேர்ட்பிரஸ் என்னும் மூன்றும் பெரும் புகழ் பெற்றவை. இவற்றின் பிறப்பு வரலாறு கூட்டுறவாளர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

2000ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்து மாணவர்களுக்கு நிலையான இணைய இணைப்பு எளிதில் கிட்டவில்லை. ட்ரீஸ் பாய்டார்ட், ஹான்ஸ் ஸ்னைடர் என்னும் இரு மாணவர் தம் விடுதிகளுக்கிடையே கம்பியில்லாப் பாலம் ஒன்றை அமைத்து, ஸ்னைடரிடம் இருந்த ஒரே இணைப்பை எட்டுப் பேர் பங்கிட்டுக்கொள்ளச் செய்தனர். இணைப்பு நன்றாக இயங்குகிறதா, இன்றிரவு உணவுக்கு எங்கே கூடுவது என்பன போன்ற செய்திகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ள ஒரு பலகை தேவைப்பட்டது. அதற்காகப் பாய்டார்ட் எழுதிய சிறு நிரலே ட்ரூபலின் வித்து. டச்சு மொழியில் சிற்றூரைக் குறிக்கும் ‘டார்ப்’ என்னும் சொல்லைத் தளத்தின் பெயராகப் பதிய நினைத்தவர், எழுத்து மாறித் துளி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தட்டிவிட்டார். அதுவே நிலைத்தது. நீர்த்துளியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து ‘ட்ரூபல்’ என்ற பெயர் வந்தது. 2001ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நிரலை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார்.

ஜூம்லாவின் கதையும் இத்தகையதே. மாம்போ என்னும் மென்பொருளின் உரிமை பற்றிக் கருத்து வேற்றுமை எழுந்தபோது, அதனை உருவாக்கியவர்கள் 2005ஆம் ஆண்டில் பிரிந்து வந்து தனியே நடத்தினர். ‘எல்லோரும் சேர்ந்து’ என்னும் பொருள்தரும் சுவாகிலிச் சொல்லைத் தம் படைப்பிற்குப் பெயராக இட்டனர். வேர்ட்பிரஸ் 2003ஆம் ஆண்டு மே மாதம் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரால் வெளியிடப்பட்டது. கைவிடப்பட்டுக் கிடந்த மற்றொரு மென்பொருளை எடுத்து அவர்கள் வளர்த்தனர். இன்று உலகிலுள்ள இணையத்தளங்களில் 100க்கு 40க்கு மேற்பட்டவை வேர்ட்பிரஸால் இயங்குகின்றன.

இம்மூன்றும் பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுபவை. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். மென்பொருளுக்கு விலை கிடையாது. அதை வைக்கும் வழங்கிக் கணினிக்கு ஆண்டு வாடகையும், தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணமும், அமைத்துத் தருவோர்க்குக் கூலியுமே செலவு. விலையின்மையைக் காட்டிலும் பெரிய நன்மை ஒன்றுண்டு. அமைத்துத் தந்தவர் விலகிவிட்டாலும் அம்மென்பொருளை அறிந்த வேறொருவர் வந்து தொடரலாம். தறியைச் செய்த தச்சர் ஊரைவிட்டுப் போனாலும் தறி நம்முடையதே அல்லவா?

தமிழிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் உள. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்குவதற்காக 2012ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கணியம்’ இதழும், தமிழ் மின்னூல்களை விலையின்றி வழங்கும் ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளமும் வேர்ட்பிரஸைக் கொண்டே நடைபெறுகின்றன. பெருமுதல் இன்றித் தன்னார்வலரின் உழைப்பால் அவை வளர்ந்தன.

பாகங்கள் சேரும் விதம்

இம்மென்பொருள்களின் உயிர்நாடி அவற்றின் பாக அமைப்பே. ஒவ்வொன்றிற்கும் அடித்தளமான கரு ஒன்று உண்டு. பக்கங்களைச் சேமித்தல், காட்டுதல், பயனரை அறிந்து உள்ளே விடுதல் ஆகிய பொதுப்பணிகளைக் கரு செய்யும். அதற்குமேல் வேண்டிய ஆற்றல்களைத் தனித்தனிப் பாகங்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். ட்ரூபலில் இவற்றை மாட்யூல் என்பர். வேர்ட்பிரஸில் செருகுநிரல் என்பர்.

சாதாரணத் தறியின்மேல் ஜக்கார்டுப் பெட்டியை ஏற்றினால் அதே தறியில் கொடியும் அன்னமும் நெய்ய முடிகிறது. துளையிட்ட அட்டைகளை மாற்றினால் உருவமும் மாறுகிறது. தறியை உடைத்து வேறு தறி செய்ய வேண்டியதில்லை. பாகங்களும் அவ்வாறே. விண்ணப்பப் படிவம் வேண்டுமாயின் ஒரு பாகம். படத்தொகுப்புக்கு ஒரு பாகம். குறித்த நாளில் அறிவிப்பைத் தானே எடுத்துவிட ஒரு பாகம். விற்பனைக்கு ஒரு பாகம்.

வேர்ட்பிரஸின் பொதுப் பட்டியலில் மட்டும் ஏறத்தாழ 60,000 செருகுநிரல்கள் உள்ளன. இப்பெருக்கமே மயக்கத்திற்கும் இடமளிக்கிறது. கிடைக்கிறதே என்று சேர்த்துக்கொண்டே போனால் தளம் மெதுவாகும். ஒரு பாகம் மற்றொன்றோடு மோதும். ஒவ்வொரு பாகமும் திருடனுக்கு ஒரு சன்னல் ஆகலாம். ஆகவே ஒரு பாகத்தைச் சேர்ப்பதற்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். இப்பணியைக் கருவே செய்யாதா? இப்பாகம் கடைசியாக எப்போது திருத்தி வெளியிடப்பட்டது? நாம் வைத்திருக்கும் பதிப்புடன் இது ஒத்துப்போகுமா? எத்தனை தளங்கள் இதனைப் பயன்படுத்துகின்றன? நாளை இதனை எடுத்துவிட்டால் நம் செய்திகள் நம்மிடமே தங்குமா? இவற்றுள் கடைசிக் கேள்வியே மிகவும் முக்கியமானது.

நல்ல பாகம் காலப்போக்கில் கருவிலேயே இடம் பெறுவதுமுண்டு. பதிவுகளைப் பல வகையாகப் பட்டியலிடும் ‘வியூஸ்’ என்னும் பாகம் ட்ரூபலுக்குப் புறம்பாகப் பிறந்து, பெரும்பாலோர்க்குத் தேவையானதால், 2015ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த எட்டாம் பதிப்பின் கருவிலேயே சேர்க்கப்பட்டது.

முதலில் தாளில் எழுதுக

கணினியைத் தொடுவதற்குமுன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, சங்கத்திடம் என்னென்ன வகைச் செய்திகள் உள்ளன என்பதை எழுத வேண்டும். தளத்தின் வெற்றியிற் பாதி இத்தாளிலேயே அடங்கியுள்ளது.

நெசவாளர் சங்கத்திற்கு ‘சேலை’ என்பது ஒரு வகை. அதற்கு இழையின் தன்மை, நீளம், அகலம், நிறம், கரை அமைப்பு, சலவை முறை, விலை, கையிருப்பு, நெய்தவர் பெயர் என்று கட்டங்கள் வேண்டும். நெய்தவர் பெயரை வெளியிட அவருடைய சம்மதம் பெறுதல் அவசியம். இவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் பதிந்துவிட்டால், ‘வாழைநார் கலந்தவை’, ‘கையிருப்பில் உள்ளவை’ என எத்தனை பட்டியல் வேண்டுமானாலும் மென்பொருளே எடுத்துத் தரும். எல்லாவற்றையும் ஒரே பத்தியாக எழுதிவிட்டாலோ, பின்னால் பிரிக்க இயலாது. சிக்கலான நூலில் பாவு ஓட்ட முடியுமா?

விளைவிப்போர் சங்கத்திற்கு ‘வரத்து’ ஒரு வகை. கீரை, கத்தரி, மல்லிகை எனப் பொருளின் பெயர், தரம், அளவு, நாள், விலை, கிடைக்குமிடம் ஆகியவை அதன் கட்டங்கள். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. சேலையின் விலை ஒரு மாதம் நிற்கும். கத்தரியின் விலை மறுநாள் காலை வரைகூட நில்லாது. பழைய விலை தளத்தில் கிடப்பது, விலையே இல்லாதிருப்பதைவிடத் தீமையானது. வெகுதூரத்திலிருந்து வண்டி கொண்டு வருபவன் ஏமாந்து திரும்புவான். அடுத்த முறை வரவே மாட்டான். ஆதலால் விலைப் பதிவுக்குக் காலாவதி நேரம் குறித்து, அந்நேரத்தில் தானே மறையும்படி அமைக்க வேண்டும். நாள்தோறும் பதிவதற்கு ஆள் இல்லாத சங்கம் விலையைப் போடாமல், ‘இன்றைய விலைக்கு இந்த எண்ணில் கேட்கவும்’ என்று எழுதிவிடுவதே நேர்மையாகும்.

இவற்றுடன் சங்கத்தைப் பற்றிய குறிப்பு, பதிவு எண், அலுவலக நேரம், வழி, பொதுக்குழு அறிவிப்புகள், ஆண்டறிக்கை, தணிக்கை அறிக்கை ஆகியவற்றுக்கும் இடம் வகுக்க வேண்டும். தன் கணக்கைத் தானே திறந்து வைக்கும் சங்கத்தின்மீது அங்கத்தினருக்கும் வாங்குவோர்க்கும் நம்பிக்கை வளரும்.

தமிழ் எழுத்து

தமிழ்த் தளத்திற்கே உரிய இடர் ஒன்றுண்டு. முற்காலத்தில் ஒவ்வோர் அச்சகமும் தனக்கென்று ஓர் எழுத்துருவையும் குறியேற்றத்தையும் வைத்திருந்தது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டிற்குப் பின் டாம், டாப் என்னும் பொதுக் குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆண்டறிக்கையை அப்படியே எடுத்து ஒட்டினால், தளத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். அதனை யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும். தாளைப் படம் பிடித்துப் போடுவதும் போதாது. படத்தில் உள்ள எழுத்தைத் தேடுபொறிகள் எளிதில் படிக்கமாட்டா. கண்பார்வை குன்றியோர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் கருவியும் படிக்கமாட்டாது.

தரவுத்தளத்தை அமைக்கும்போதே அதன் எழுத்துமுறை யூனிகோடாக உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். யூடிஎஃப் 8 என்னும் முறையில் ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வேண்டும். ‘கூ’ என்னும் எழுத்து இரு குறிகள் சேர்ந்ததாதலால் ஆறு பைட்டு கொள்ளும். தரவுத்தளம் பழைய இலத்தீன் முறையில் அமைந்துவிட்டால் நம் எழுத்துகள் யாவும் கேள்விக்குறிகளாக மாறி, மீளாமலே போகக்கூடும்.

பெயர் யாருடையது?

இனி, நிர்வாகக் குழுவினர் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டிய இடத்திற்கு வருகிறோம். தளத்திற்கு மூன்று சாவிகள் உண்டு. தளத்தின் பெயரைப் பதிந்த கணக்கு ஒன்று. வழங்கியின் கணக்கு ஒன்று. மென்பொருளின் தலைமை நிர்வாகிக் கணக்கு ஒன்று. இம்மூன்றும் சங்கத்தின் பெயரிலேயே, சங்கத்தின் மின்னஞ்சலோடும் சங்கத்தின் தொலைபேசியோடும் பிணைந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் நேர்வது வேறு. தளம் அமைத்துத் தருபவர் தம் பெயரிலேயே பதிந்துகொள்கிறார். சங்கத்தாரும் வேலை முடிந்தால் சரி என்று விட்டுவிடுகின்றனர். சில ஆண்டுகள் கழித்துக் கட்டணத் தகராறு எழுந்தாலோ, அவர் தொழிலை விட்டாலோ, சங்கம் தன் பெயரையே இழந்து நிற்கிறது. பெயரைப் புதுப்பிக்கத் தவறினால் எவரும் அதனை எடுத்துக்கொள்ளலாம். இருபது ஆண்டு உழைத்து ஈட்டிய பெயர்ப்பலகையில் நாளை வேறொருவன் போலிச் சேலை விற்பான். காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றிருந்தும் போலிகள் ஒழிந்தபாடில்லை என்பதை நெசவாளர் அறிவர். ஆகவே பெயரைக் காப்பது வீண் கௌரவத்திற்காக அன்று. வயிற்றுப் பிழைப்பைக் காப்பதேயாகும்.

பெயரின் ஈற்றைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டிற்குரிய ‘டாட் இன்’ என்னும் ஈறு எளிதில் கிடைக்கும். கூட்டுறவு அமைப்புகளுக்கென்றே ‘டாட் கோஆப்’ என்னும் ஈறு 2000ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. கூட்டுறவு அல்லாத வணிக நிறுவனம் அதைப் பெற இயலாது. தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என முடியும் பெயரும் உண்டு.

யார் எதைச் செய்யலாம்?

ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பகிர்ந்துகொள்வது, பணப்பெட்டிச் சாவியைத் திண்ணையில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். மென்பொருளிலேயே பதவிப் பிரிவினை உண்டு. வேர்ட்பிரஸில் நிர்வாகி, பதிப்பாசிரியர், எழுத்தாளர், பங்களிப்பாளர், சந்தாதாரர் என ஐந்து படிகள் உள்ளன. பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட இயலாது. பதிப்பாசிரியர் பிறர் எழுதியதையும் திருத்தி வெளியிடலாம். நிர்வாகி மட்டுமே பாகங்களைச் சேர்க்கவும் நீக்கவும் கூடும். விற்பனை நிலைய எழுத்தரைப் பங்களிப்பாளராகவும், காரியதரிசியைப் பதிப்பாசிரியராகவும் அமைத்துக்கொள்ளலாம். நிர்வாகிக் கணக்கு இருவரிடம் இருப்பது நலம். ஒருவர் நோயுற்றாலும் வேலை நிற்காது. ஒருவர் பதவியிலிருந்து விலகும் நாளிலேயே, கணக்குப் புத்தகங்களை ஒப்படைப்பது போல் இவற்றையும் ஒப்படைக்கச் செய்து கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

அங்கத்தினரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடன் நிலுவை ஆகியவற்றைப் பொதுத்தளத்தில் ஏற்றவே கூடாது. தனிநபர் விவரங்களைக் காப்பதற்கென்று 2023ஆம் ஆண்டில் மத்திய சட்டமே இயற்றப்பட்டுள்ளது. சட்டம் இல்லாவிடினும், நம்மை நம்பித் தந்ததைச் சந்தியில் வைப்பது கூட்டுறவுக்கு இழுக்கு.

ஏழு மணி நேரம்

தளத்தைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது பெருந்தவறு. மென்பொருளில் பழுதுகள் கண்டுபிடிக்கப்படுந்தோறும் அவற்றைச் சரிசெய்யும் புதுப்பிப்புகள் வெளியாகும். அவற்றை உடனுக்குடன் ஏற்ற வேண்டும்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ட்ரூபலின் ஏழாம் பதிப்பில் கொடிய ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டு, அதற்கான திருத்தமும் அன்றே வெளியிடப்பட்டது. ஓட்டையின் செய்தியைத் திருடரும் படிப்பர் அல்லவா? அவர்கள் தானியங்கி நிரல்களை ஏவிவிட்டனர். அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்திற்குள் திருத்தத்தை ஏற்றாத தளங்கள் யாவும் கைப்பற்றப்பட்டதாகவே கருதிக்கொள்ள வேண்டும் என்று அம்மென்பொருளின் பாதுகாப்புக் குழுவினரே பின்னர் எச்சரித்தனர். அந்த ஏழு மணி நேரம் நம் நாட்டுக் கணக்கில் இரவு 9.30 முதல் விடியற்காலை 4.30 வரை! நாம் உறங்கிய நேரம். ஆதலால் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே ஏறும்படி அமைக்கக்கூடிய மென்பொருளையோ, அப்பொறுப்பை எழுத்து மூலம் ஏற்கும் வழங்கி நிறுவனத்தையோ சிறு சங்கங்கள் தேர்ந்துகொள்வது நன்று.

பதிப்புகளுக்கும் ஆயுள் உண்டு. ட்ரூபலின் அந்த ஏழாம் பதிப்பு 2011இல் பிறந்து, 2025ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாளோடு ஆதரவை இழந்தது. அதற்குமேல் அதனை வைத்திருப்பவர் தம் பொறுப்பிலேயே வைத்திருக்கின்றனர். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய மாற்றத்திற்கான செலவு வரும் என்பதை வரவு செலவுத் திட்டத்தில் இப்போதே குறிக்க வேண்டும். தறிக்கு விழுதும் அச்சும் மாற்றப் பணம் ஒதுக்குகிறோம் அல்லவா? இதுவும் அத்தகைய தேய்மானமே.

நகல் வேறிடத்தில் இருக்கட்டும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையைத் தென்சென்னைப் புறநகரத்தார் மறக்கமாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளின் கீழ்த்தளம் நீரில் மூழ்கியது. அலமாரியில் இருந்த பத்திரமும், மேசைமேல் இருந்த கணினியும், அக்கணினிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த நகலும் ஒருங்கே நனைந்தால் நகல் எடுத்ததன் பயன் என்ன?

தளத்தின் நகலில் இரு பகுதிகள் வேண்டும். தரவுத்தளம் ஒன்று; ஏற்றிய படங்களும் ஏடுகளும் மற்றொன்று. ஒன்று மட்டும் இருந்தால் தளம் மீளாது. வாரந்தோறும் நகல் எடுத்து, ஒன்றை வழங்கிக்குப் புறம்பான வேறொரு சேமிப்பகத்திலும், மற்றொன்றை வேறு ஊரிலுள்ள இணைச் சங்கத்திலோ தலைமைச் சங்கத்திலோ வைக்க வேண்டும். ஆண்டிற்கு இருமுறையேனும் அந்நகலிலிருந்து தளத்தை எழுப்பிப் பார்க்க வேண்டும். எழுப்பிப் பாராத நகலை நம்புவதற்கில்லை.

தனித்தனியாக ஏன்?

இவ்வளவையும் ஒரு சிறு சங்கம் தனித்து நின்று செய்ய இயலுமா என்ற ஐயம் எழுவது இயல்பே. அதற்கும் விடை கூட்டுறவிலேயே இருக்கிறது.

தேசியத் தகவலியல் மையம் இந்திய மாவட்டங்களின் தளங்களுக்காகப் பொதுச் சட்டகம் ஒன்றை அமைத்துள்ளது. பாதுகாப்பு, புதுப்பிப்பு, எல்லோரும் எளிதில் அணுகும் தன்மை ஆகியவற்றை மையம் பார்த்துக்கொள்ளும். செய்தியை மாவட்டத்தார் பதிவர். 2019ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது, அதன் தளமும் இப்பொதுச் சட்டகத்தின்மீதே எழுந்தது. புதிய மாவட்டம் புதிதாகத் தறி செய்ய வேண்டியிருக்கவில்லை.

நம் சங்கங்களும் இவ்வாறு செய்யலாம். வேர்ட்பிரஸில் 2010ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பு முதல், ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் வசதி கருவிலேயே உள்ளது. ட்ரூபலிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. பத்துச் சங்கங்கள் சேர்ந்து ஒரே வழங்கியை வாடகைக்கு எடுத்து, தேர்ந்தெடுத்த சில பாகங்களை மட்டும் நிறுவி, பயிற்சி பெற்ற ஒருவரைப் பொறுப்பாக்கலாம். ஒவ்வொரு சங்கத்திற்கும் தன் பெயர், தன் வண்ணம், தன் செய்தி இருக்கும். புதுப்பிப்பும் நகலும் பொதுவாக நடக்கும். செலவு பத்தில் ஒரு பங்காகக் குறையாவிடினும் வெகுவாகக் குறையும். இதில் ஒரு குறையும் உண்டு: பொது நிறுவலில் பழுது நேர்ந்தால் பத்துத் தளங்களும் ஒருங்கே நிற்கும். ஆகவேதான் பொறுப்பாளரின் கடமைகளையும், விலகும் சங்கம் தன் செய்திகளை முழுதும் எடுத்துச் செல்லும் உரிமையையும் முன்கூட்டியே ஒப்பந்தமாக எழுத வேண்டும்.

செய்ய வேண்டியவை

சுருங்கக் கூறின், தளம் அமைக்க விரும்பும் சங்கத்தார் முதலில் நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி இருவரைப் பொறுப்பாக நியமிக்கட்டும். தளத்தின் பெயரைச் சங்கத்தின் பெயரில் பதியட்டும். செய்தி வகைகளைத் தாளில் எழுதி அங்கத்தினருக்குக் காட்டட்டும். ஐந்தாறு பக்கங்களோடு சிறிதாகத் தொடங்கட்டும். விற்பனைப் பாகத்தை உடனே சேர்க்காமல், வருகின்ற கேள்விகளைத் தொலைபேசியிலும் படிவத்திலும் ஏற்று, ஓராண்டு பழகிய பின் சேர்க்கட்டும். படங்களைச் சுருக்கி ஏற்றட்டும். பார்ப்போரிற் பெரும்பாலோர் கைப்பேசியிலேயே பார்க்கின்றனர். மாதந்தோறும் குழுக் கூட்டத்தில், தளத்தில் மாறியது என்ன, வந்த கேள்விகள் எத்தனை, புதுப்பிப்பு ஏறியதா, நகல் எடுக்கப்பட்டதா என்ற நான்கையும் கேட்டுக் குறிப்பேட்டில் பதியட்டும்.

இணையத்தளம் தானாக ஒரு முழம் துணியையும் நெய்யாது. ஒரு பிடி கீரையையும் விளைவிக்காது. நெய்தவரும் விளைவித்தவரும் தம் பொருளைப் பற்றித் தாமே பேசுவதற்கு அது இடம் தரும், அவ்வளவே. ஆனால் அவ்விடத்தின் சாவி எவர் கையில் இருக்கிறதோ, அவர்தாம் விலையையும் பேசுவார். அச்சாவி சங்கத்தின் கையில் இருக்கட்டும்.